சிவப்புத் துணி கட்டாத நாள்

இன்று காலை என் வீட்டுப் படிக்கட்டில் வைத்து ஓர் எலக்ட்ரீஷியனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன். பாவம், என் வயதுக்காரர்தான். குளியலறையில் புதிதாக மாட்டிய வெந்நீர் ஹீட்டர் பாதி சூட்டிலேயே நின்றுவிடுகிறது என்று சொன்னேன். பிரித்துப் பார்த்தவர், ஒரு சாண் வயரைப் பல்லால் கடித்து முனையை உரித்துக்கொண்டே, "கட்-அவுட்டு சும்மா சும்மா ட்ரிப் ஆவுது சார். டைரக்ட் பண்ணிடலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

நீ இருந்திருந்தால் அந்த வார்த்தைக்கு என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் தானாக நிறுத்துவதற்குக் கட்-அவுட் என்று ஒரு சின்னச் சாமானை வைத்திருக்கிறார்கள். அது அடிக்கடி நிறுத்துகிறது, தொல்லையாக இருக்கிறது என்று அதன் இரண்டு முனையையும் ஒரு வயரால் இணைத்துவிட்டால், அப்புறம் வீடே வெந்தாலும் அது குறுக்கே வராது. அதற்குப் பெயர் டைரக்ட். பத்து நிமிட வேலை. வேலை முடிந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம்.

நான் கத்திய கத்தலில் என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னாத்துக்கு இப்டி கத்துற? அந்தாளு இன்னா கேட்டுட்டாரு?" என்றாள். அவர் கையிலிருந்த வயரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். எறிந்த பிறகுதான், இது என் பழக்கமில்லை, உன் பழக்கம் என்பது நினைவுக்கு வந்தது.

இந்த வேலையெல்லாம் என் மகள் கேட்டதால் நடக்கிறது. பதினோரு வயதாகிறது. கூடப் படிக்கும் பெண் வீட்டில் ஆள் நடந்தால் விளக்கு தானாக எரிகிறதாம், விடிகாலையில் டைமர் வைத்தால் வெந்நீர் தானாகக் காய்கிறதாம். நம் வீட்டிலும் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவளுக்கு என்ன தெரியும்? அவள் பிறந்த மாதத்திலேயே திருவொற்றியூரில் நாங்கள் அப்போது இருந்த ஓட்டு வீட்டில் விளக்கும் சூடும் தானாக இயங்கிய கதை தெரியாது. அதைச் செய்த உன்னையும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் தெரியும்.

எட்டு வருடமாக எனக்குக் கோபம். யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உன் மேலும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். போன மாதம் உன் வீட்டுக்குப் போயிருந்தபோது உன் மகள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒயர் பிய்ந்திருக்கிறது, பார்த்து என்றேன். "பாத்துக்கினுதான் சித்தப்பா கீறேன். எங்கப்பா மாதிரி அலட்சியமா இருக்க மாட்டேன்" என்றாள். பதினெட்டு வயதுப் பெண். தகப்பனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அலட்சியமாம். உன்னையா?

எண்ணூர் பக்கம் நாம் வேலை பார்த்த தொழிற்சாலையில், மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்ட்ருமென்ட் செக்ஷன் மொத்தமும் உன்னைக் கேலி செய்ததே உன் ஜாக்கிரதையைப் பார்த்துத்தான். உற்பத்தி நிற்கக் கூடாது என்று மேலே இருப்பவர்கள் ஏதாவது ஒரு கட்-அவுட்டை டைரக்ட் பண்ணச் சொல்வார்கள். எழுத்தில் தரமாட்டார்கள், வாயால்தான். செய்தே ஆக வேண்டும். அப்படிச் செய்யும்போதெல்லாம் நீ அந்த சுவிட்சுப் பேனல் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாய். அடுத்த ஷிஃப்ட் ஆள் உள்ளே வந்ததும் முதலில் துணியைப் பார்க்க வேண்டும். துணி இருந்தால் கட்-அவுட் காப்பாற்றாது, நீதான் உன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். துணி இல்லையென்றால் தைரியமாக வேலை செய்யலாம். எந்த ரெஜிஸ்டரிலும் இல்லாத சட்டம் இது. ஆனால் ரெஜிஸ்டரைவிட இதைத்தான் நாங்கள் நம்பினோம்.

அண்ணி என்று நான் கூப்பிடும் உன் மனைவியின் பழைய சிவப்பு உள்பாவாடைதான் அந்தத் துணி. கிழித்து, நாடா நாடாக மடித்து, சாப்பாட்டுப் பையில் எடுத்து வருவாய். "இன்னா மாமு, இன்னும் பாவாட மிச்சம் கீதா வூட்ல?" என்று யாராவது கேட்பார்கள். "வேற எத்த கட்னா நீங்க நின்னு பாக்கப் போறீங்க?" என்பாய். சிரிப்பாய். முடிச்சை மட்டும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாய்.

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள், தெரியுமே உனக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, மழைக்காலம், குழந்தை குளிரில் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஓட்டு வீடு. கடல் காற்று ஒரு பக்கம், ஒழுகல் ஒரு பக்கம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். நீ கொருக்குப்பேட்டையிலிருந்து சைக்கிளில் ஒரு மரச்சட்டத்தைக் கட்டிக்கொண்டு வந்தாய். அதில் நான்கு மஞ்சள் பல்பு. எதுவும் மேலே படாதபடி கோழிவலைக் கம்பி அடித்திருந்தாய். தொட்டிலுக்கு எட்டாத தூரத்தில், சுவரோரமாக நிறுத்தினாய். அறை சூடானால் பல்பு தானாக அணைய ஒரு தெர்மோஸ்டாட். அது தூங்கிவிட்டால் அணைப்பதற்கு இன்னொன்று. இரண்டும் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியிலிருந்து கழற்றியவை.

"கோயிக்குஞ்சுக்கு வச்சதா அண்ணா?" என்று என் மனைவி கேட்டாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு.

"குஞ்சு எத்தினி கிலோ கீது, ஒன் பொண்ணு எத்தினி கிலோ கீறா? செரியா வரும்மா" என்றாய். அப்புறம் குரலை இறக்கி, "பாதம் சில்லுனு இருந்தா நெஞ்சோட சேத்து வச்சிக்க. அத்த வுட பெரிய பல்பு எதுவும் இல்ல" என்றாய். அவள் இன்றுவரை யாருக்குக் குழந்தை பிறந்தாலும் இதைச் சொல்கிறாள்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த இரண்டாவது தெர்மோஸ்டாட் அடிக்கடி டக் என்று அணைத்துவிடும். வெளியே மழை கொட்டுகிறது. குழந்தையின் காலைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. தொழிற்சாலையில் கற்ற வித்தை கை வசம் இருந்ததே. ஒரு வயரை எடுத்து உரித்தேன். மாட்டிக்கொண்டிருக்கும்போது நீ நைட் ஷிஃப்ட் முடிந்து இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாய்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினாய். வயரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாய். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்தாய்.

"பிளான்ட்ல டைரக்ட் பண்ணா எண்ண போவும், மிஷினு போவும். இங்க கொயந்த படுத்துக்கினு கீது. அறிவு கீதா ஒனக்கு?"

"குளுருதுடா அவளுக்கு" என்றேன்.

"குளுந்தா நெஞ்சுல போட்டுக்க. நீ அப்பன்தான?"

அவ்வளவு கோபத்திலும் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி வைத்தாய். இரவு முழுவதும் வேலை பார்த்தவன், மத்தியானம் வரை தூங்காமல் தெர்மாமீட்டரோடு தரையில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தரம் காலண்டர் தாளின் பின்பக்கம் சூட்டை எழுதினாய். நான் உன்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து என் காலரைப் பிடித்தானே என்று கோபம். இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம். அசதியில் நானும் மனைவியும் தூங்கிவிட்டோம். டக் என்று சத்தம் கேட்டு விழித்தேன். பல்பு அணைந்திருந்தது. அறை அனலாகக் கொதித்தது. குழந்தை சிவந்து போய், வியர்த்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். காற்றுப் பட்டதும் வீல் என்று கத்தினாள். மறுநாள் நீ பிரித்துக் காட்டினாய். முதல் தெர்மோஸ்டாட்டின் உள்ளே இரண்டு முனையும் உருகி ஒட்டியிருந்தன. அது அணைக்கவே இல்லை. அணைத்தது இரண்டாவது. நான் டைரக்ட் பண்ணப் போனேனே, அது.

நீ என்னைக் குத்திக் காட்டவில்லை. "இத்த பாரு" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய். அதோடு சரி. குத்திக் காட்டியிருக்கலாம். மறுபடி நான் அந்த வேலை செய்யாதபடி நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஏனென்றால் மூன்று வருடம் கழித்து நான் செய்தேன். உனக்கே செய்தேன். இதை இன்று மத்தியானம் வரை யாரிடமும் சொல்லவில்லை.

எண்ணெய் சூடாக்கும் தொட்டியின் கட்-அவுட் கெட்டிருந்தது. மாற்றுச் சாமான் வரவில்லை. சூப்பர்வைசர் சொல்லி, காலை ஷிஃப்டில் நான்தான் டைரக்ட் பண்ணினேன். உன் சட்டப்படி துணியும் கட்டினேன். பதினொரு மணிக்கு அவர் அவசரமாக வந்தார். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு, செடிக்கெல்லாம் செம்மண் என்று ஒரு வாரமாகவே அமர்க்களம்.

"பேனல்ல என்னய்யா கந்தல் துணி தொங்குது, கலீஜா? எடு அத" என்றார்.

"சார், டைரக்ட்ல கீது சார்."

"எனக்குத் தெரியாதா? அவங்க போனதும் கட்டிக்க. இப்ப எடு."

அவிழ்த்தேன். பேன்ட் பையில் வைத்தேன். ஒரு நிமிட வேலை. முடியாது சார் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்ன செய்திருப்பார்? மெமோ கொடுத்திருப்பார். ஒரு மெமோவுக்குப் பயந்தேன். வந்தவர்கள் ஒரு மணிக்கு வந்தார்கள், மாலை போட்டார்கள், முந்திரி பக்கோடா தின்றார்கள். இரண்டு மணி சங்கு ஊதும்போதும் அவர்கள் போகவில்லை. நான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கேட்டில் நீ எதிரே வந்தாய். செகண்ட் ஷிஃப்ட். நின்று பேசினோம்.

"மாமு, ஒன் புது வூட்டு மாடிப்படிக்கு ஒரு லைட்டு ரெடி பண்ணிக்கினு கீறேன்" என்றாய். "ஆள் வந்தா எரியும், போனா அணையும். பொண்ணு இப்ப ஓட ஆரம்ச்சிட்டா, இருட்டுல உருண்டுடப் போவுது. ஞாயித்துக்கெயம வந்து மாட்டிட்றேன்."

"வா. பிரியாணி போட்டுடலாம்" என்றேன்.

"ஒம் பொண்டாட்டி போடுவா. நீ துன்னுவ" என்றாய்.

சிரித்தோம். ஐந்து நிமிடம் நின்றிருப்போம். என் பையில் அந்தத் துணி இருந்தது. டைரக்டில் இருக்கிறது என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

சாயங்காலம் அந்தத் தொட்டியின் சூடு காட்டும் மீட்டர் முள் நகராமல் நின்றுவிட்டது என்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாற்றப் போனாய். உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்ல மீட்டர் இல்லை. வழக்கம்போலப் பேனலைப் பார்த்தாய். கூட இருந்தவன் சொன்னான், நீ நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "துணி கட்டலியே, கட்-அவுட்டு கீது. தொறக்கலாம் வா" என்றாயாம். மூடியைத் திறந்தாய். எண்ணெய் பொங்கியது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் உன்னைப் பார்க்க விட்டார்கள். கண்ணும் வாயும்தான் தெரிந்தன. நீ கேட்டாய்: "மாமு, துணி இருந்துச்சா? நான்தான் ஒயுங்கா பாக்கலியா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெஸ்ட் எடு. அப்பால பேசிக்கலாம்" என்றேன். அப்பால ஏது? மறுநாள் நீ போய்விட்டாய், நாம்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்ற சந்தேகத்தோடு. உன்னை ஒரு பொய்யோடு அனுப்பி வைத்தது நான்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. ஏசி அறையில் மூன்று பேர். அதற்குள் அந்த வயரை யாரோ கழற்றிவிட்டார்கள். 'வெப்பநிலையைச் சரிபார்க்காமல் மூடியைத் திறந்த தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். சாட்சி என்று கோடு போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். துணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த சூப்பர்வைசர் பொன்னாடை போர்த்திக்கொண்டு ரிட்டயர் ஆனார். அந்த விழாவில் நானும் கை தட்டினேன். நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

உன் மேல் என்ன கோபம் என்றுதானே கேட்கிறாய்? எதையும் நம்பாதே, ஒன்றுக்கு இரண்டாக வை என்று என் குழந்தைக்கு இரண்டு தெர்மோஸ்டாட் வைத்தவன் நீ. உனக்கு மட்டும் ஏன் ஒன்றோடு விட்டாய்? கேட்டில் நின்று, "எதுனா டைரக்ட்ல கீதா மாமு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்தாய். காலை ஷிஃப்டில் இருந்தது நான் அல்லவா. அந்த நம்பிக்கைதான் எனக்கு ஆத்திரம்.

இன்று, கத்தி முடித்ததும், எலக்ட்ரீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன். புதுக் கட்-அவுட் வாங்கி வந்து மாட்டுங்கள், விலை என்ன ஆனாலும் சரி என்றேன். எட்டு வருடமாக என் இரும்புப் பெட்டியின் அடியில் கிடந்த சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு, கொருக்குப்பேட்டையில் உன் வீட்டுக்குக் கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நகராமல் நின்றது. திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. வண்டி நகர்ந்துவிட்டது.

அண்ணி தையல் மிஷினில் இருந்தாள். உன் மகள் வாசற்படியில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். டைரக்ட் பண்ணியது, துணியை அவிழ்த்தது, கேட்டில் சிரித்தது, ஆஸ்பத்திரியில் நீ கேட்டது, நான் சொன்னது, கையெழுத்து. ஒன்றையும் விடவில்லை. அண்ணி துணியை வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை நூலில் மடித்துத் தைத்திருந்தது.

"என் பாவாடதான். செவப்பு நூலு தீந்துபோச்சினு வெள்ளையில அடிச்சேன்" என்றாள்.

துணியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எட்டு வருசமா இங்க வந்து டீ குடிச்சிக்கினு இருந்தியே தம்பி" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் மகள் தைப்பதை நிறுத்தியிருந்தாள். அவளைப் பார்த்து, "கேட்டுக்கினியா? உங்கப்பன் பாத்துட்டுதான் தொறந்துகிறான்" என்றாள் அண்ணி. அந்தப் பெண் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டது. நான் இருப்பதையே மறந்து இருவரும் அழுதார்கள்.

கிளம்பும்போது துணியை அங்கேயே வைக்கப் போனேன். அண்ணி கையைத் தட்டிவிட்டாள். "இங்க வைக்காத. என்கிட்ட சொன்னா முடிஞ்சிதா? பேப்பர்ல எழுதுனாங்களே, அவங்ககிட்ட போய் சொல்லு. அவுத்து மறைச்சியே, அவங்க கண்ணு முன்னால எடுத்துக் காட்டு. அது வரிக்கும் நீயே வச்சிக்க. இந்த வூட்டு வாசப்படி ஏறாத."

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. கீழ்ப்படியில் கால் வைத்ததும் விளக்கு எரிந்தது. நீ மாட்டுகிறேன் என்று சொன்ன அதே இடத்தில்தான் அந்த மனிதர் மாட்டியிருந்தார். மேலே ஏற முடியவில்லை. அப்படியே அசையாமல் நின்றேன். அரை நிமிடம் போனதும் அணைந்துவிட்டது. அசையாதவன் அங்கே இல்லை என்றுதானே அதற்குக் கணக்கு. இருட்டில் நின்றுகொண்டு உன்னைத் திட்டினேன், என்னைத் திட்டினேன். மேலே இருந்து என் மகள், "யாருப்பா, நீயா?" என்று குரல் கொடுத்தாள். நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஏறினேன்.

நாளை எனக்கு முதல் ஷிஃப்ட். அதே தொழிற்சாலைதான், அதே கேட்தான். மெமோவோ, வேலை போவதோ, போலீஸோ, எது வந்தாலும் வரட்டும். துணியைத் துவைக்கவில்லை. சட்டையின் மேல் பையில், பாதி வெளியே தெரியும்படி வைத்திருக்கிறேன்.